மா பொங்கும் இடம்

முதலில் அது வெறும் வியர்க்குருதான்.
களுவாஞ்சிகுடி பேக்கரியில், பங்குனியில்,
போறணை வாய் திறக்கும் பக்கமாக நின்று
பாண் எண்ணி அடுக்குகிறவளுக்கு
வேறென்ன வரும்.

இடது மார்பின் அடியில்,
தோல் தோலைத் தொடும் மடிப்பில்
சிவந்தது. மறுகா கசிந்தது.
ஓரத்தில் குட்டிக் குட்டிப் புள்ளிகள்,
பெரிய தீவை விட்டுக் கழன்ற சின்னத் தீவுகள்.
யாரிடம் காட்ட?
பவுடர் போட்டேன்,
அது ஈரத்தில் குழைந்து இன்னொரு மாவாயிற்று.
வேப்பிலை அரைத்துப் பூசினேன்,
விடியும்வரை எரிந்தது.
நான் திரும்பிப் படுப்பதற்கு
இவர் வேறொரு காரணம் வைத்திருந்தார்.

பாமசியில் ஒரு பெடியன் நின்றான்.
"கடி" என்றேன்.
"எங்க?"
"கையில."
ஒரு ரியூப் தந்தான்.
மூன்று நாள் சொர்க்கம்.
நாலாம் நாள் சிவப்பு
விலா எலும்புவரை நடந்து வந்திருந்தது.
கைக்கென்று கொடுத்த மருந்துக்கு
நான் சொன்ன பொய் தெரியாதுதானே.

கல்லடிப் பாலத்தில் பஸ் ஏறும்போதும்
கையை உடம்பில் ஒட்டவிடாமல் பிடித்திருந்தேன்,
கக்கத்தில் முட்டை வைத்திருக்கிறவள் மாதிரி.
தோல் கிளினிக். இலக்கம் அறுபத்தொன்று.

டொக்டர் ஹிமாஷி, அனுராதபுரத்துப் பிள்ளையாம்,
தமிழை உடைத்து உடைத்துப் பேசினா.
"மேல எடுங்க" என்றா.
எடுத்தேன்.
முகம் சுளிப்பா என்று பார்த்தேன், சுளிக்கவில்லை.
மொட்டைக் கத்தியால் மெல்லச் சுரண்டி
கண்ணாடித் துண்டில் தடவி
ஒரு சொட்டு விட்டு
"பார்க்க விருப்பமா?"

ஒற்றைக் கண்ணை வைத்தேன்.
முத்து முத்தாய் வட்டங்கள்.
ஒவ்வொரு வட்டத்திலும் ஒரு மொட்டு.
பிரிய மனமில்லாத மொட்டுகள் நீண்டு நூலாகியிருந்தன.

"ஈஸ்ட்."
"பாணுக்குப் போடுறதா?"
சிரித்துவிட்டா.
"அதுட தூரத்துச் சொந்தம். ஆனா அது இல்ல,
பேக்கரியால வரல்ல.
எல்லாருட உடம்புலயும் கொஞ்சம் சும்மா இருக்கும்.
சூடு, ஈரம், இனிப்பு கிடைச்சா எழும்பும்."

பதினாறு வருசம் பக்கத்தில் நின்று பார்த்தது:
இளஞ்சூட்டுத் தண்ணீர், ஒரு கரண்டி சீனி,
மேலே நனைந்த துணி,
யாரும் தொடாத ஒரு மூலை.
அதே பக்குவம்
என் சட்டைக்குள்.

சூடு போறணை தந்தது.
ஈரம் நானே.
"இனிப்பு எங்கால, டொக்டர்?"

அவ பதில் சொல்லாமல்
இன்னொரு துண்டு எழுதினா.
விரலில் ஒரு குத்து.
இருநூற்றி எண்பத்தாறு.
எண்களை எனக்குத் தட்டுகளாகத்தான் தெரியும்:
தட்டுக்கு இருபத்துநாலு பணிஸ்,
பன்னிரண்டு தட்டுக்கு ரெண்டு குறைவு.
ஒரு வருசமாய் எடுத்த தாகத்தை எல்லாம்
போறணையின் கணக்கில் எழுதியிருந்தேன்.
தோல்தான் சரியாகக் கணக்கு வைத்திருந்தது.

ரெண்டு கிழமைக்குக் கிறீம், காலையும் மாலையும்.
பாமசி ரியூப்பைக் குப்பையில் போடச் சொன்னா.
சீனிக் குளிசைக்கு அவ முடிவுநாள் சொல்லவில்லை.
"உலர வையுங்க" என்றா.
பங்குனி மட்டக்களப்பில்
அதைவிட லேசான சொல்லும் இல்லை,
பாரமான வேலையும் இல்லை.

இப்போது வேலை முடிந்து வந்தால்
குளித்து, பருத்தித் துணியால் ஒற்றி,
கதவைத் தாழ்போட்டு,
மேசை விசிறிக்கு முன்னால் நிற்கிறேன்,
பதம் பார்க்க மா உருண்டையைத் தூக்குவதுபோல
ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு.
"உள்ளுக்க என்னம்மா செய்ற?" மகன் கதவைத் தட்டுகிறான்.
"காயுறன்" என்கிறேன்.

பேக்கரியில் தவநிதியிடம் மட்டும் சொன்னேன்.
மாப் பிசைந்த கையை அவள் கழுவினாள்.
சீனி மூட்டைகளுக்குப் பின்னால் கூட்டிப்போய்
சட்டையை ஓரமாய் உயர்த்தினாள்.
பெரிய தீவு. கழன்ற குட்டித் தீவுகள்.
இறக்கிவிட்டுக் கேட்டாள்:
"எத்தனை மணி பஸ்ஸில கா போன நீ?"